கருமாதிக்குப் பின்வரும் மாதங்கள்

திருப்பூரிலோ பள்ளிபாளையத்திலோ தறி ஓட்டுகிறவரோ டைலரோ திடீரென்று இறந்துபோனால், கருமாதி முடிவதற்குள் கணிசமான பணம் சேர்ந்துவிடும். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் போடுவார்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஜிபே எண் ஓடும். பங்காளிகள், மாமன் மச்சான், கூடப் படித்தவர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் கை கொடுப்பார்கள். அந்த வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் மூன்றாம் மாதம் தொடங்கும். வந்த பணத்தில் ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு, கைமாற்று எல்லாம் போயிருக்கும். குழுக் கடன் தவணைக்கு வாரா வாரம் ஆள் வருவார். தறிப்பட்டறையில் வாங்கிய அட்வான்ஸ் அப்படியே நிற்கும். அம்மா பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போவார். எட்டு மணி நேரச் சம்பளம் வாடகைக்கும் தவணைக்குமே சரியாகிவிடுவதால் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பார். வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகும். பள்ளிக்கூடம் விடுவது நாலரை மணிக்கு. லைன் வீட்டின் ஒற்றை அறையில் பத்து வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும் நாலரை மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். ஜூன் மாதம் வரும்போது யாராவது ஒருவர் சொல்வார்: "ஏனுங்கம்மா, ஹோமுல சேத்தி உட்டுருங்க. சோறு, படிப்பு எல்லாம் அவிங்களே பாத்துக்குவாங்க." சொல்கிறவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். அந்த ஹோமுக்கு அவரே வருடாவருடம் ஒரு நேரச் சாப்பாடு போடுகிறவராகவும் இருப்பார்.

குழந்தைகள் இல்லத்துக்குப் போகும் வழிகளில் இது மிகச் சாதாரணமானது. மத்திய அரசு 2016-17-ல் நாடு முழுக்க இல்லங்களைக் கணக்கெடுத்தபோது 9,589 நிறுவனங்கள் பட்டியலுக்கு வந்தன. அங்கே பராமரிப்புக்காக இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒற்றைப் பெற்றோரின் குழந்தைகள். தாய் தகப்பன் இருவரும் இல்லாதவர்கள் அதைவிட வெகு குறைவு. 'அனாதை இல்லம்' என்று நாம் பழக்கத்தில் சொல்லும் இடங்களில் இருக்கும் பல குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறார். மாதம் நாலைந்தாயிரம் ரூபாயும் சாயங்காலம் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இல்லாததால் பிரிந்திருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இல்லத்தைக் கடைசி வழி என்கிறது. குடும்பத்தில் வைத்துப் பார்க்க முடியுமா என்று எல்லா வழிகளையும் பார்த்த பிறகே நிறுவனம். நம் கொடை பெரும்பாலும் அந்தக் கடைசி வழிக்கே போய்ச் சேர்கிறது.

இதற்குக் காரணம் நம் கொடையின் அமைப்பு. மொய், சீர், அன்னதானம், கும்பாபிஷேகம், பிறந்தநாள் சாப்பாடு என்று எல்லாமே ஒரு நாளில் கொடுத்து முடிவது. கொடுப்பவரின் நாட்காட்டிதான் அதை நடத்துகிறது. வாங்குகிறவரின் வாடகைத் தேதி அதற்குத் தெரியாது. பழனி மலைப் பக்கத்துப் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை நாம் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். பிரிந்து தனியே வாடிய தன் மனைவியிடம் திரும்பிப் போகும்படி அதே பேகனிடம் புலவர்கள் மாற்றி மாற்றிப் பாடிக் கேட்க வேண்டியிருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை.

முறைவைத்துக் கொடுக்கும் பழக்கமும் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பாகமாக்கி, ஐந்தாவது பாகத்தைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-இல் உருவான பி.எஸ்.ஜி. அறநிலையம் அந்தப் பாகத்தில் நின்றது. அவ்வளவு சொத்து இல்லாதவர்களுக்கும் மாதாமாதம் தேதி தவறாமல் பணம் கட்டத் தெரியும். சீட்டுப் போடாத தெரு கொங்கில் அபூர்வம். அந்த ஒழுங்கைக் கொடைக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

வசூலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

குடும்பத்துக்குச் சட்டப்படி வரவேண்டிய பணத்தை வாங்கித் தருவது முதல் உதவி. பல வீடுகளில் வசூலாகும் தொகையைவிட இது பெரிது. ஆனால் யாரும் விண்ணப்பிக்காமல் கிடக்கும்.

இறந்தவருக்குப் பி.எஃப். பிடித்திருந்தால் மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. ஒன்று, கணக்கில் இருக்கும் பணம். இரண்டாவது, இ.டி.எல்.ஐ. எனப்படும் காப்பீடு. பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு இதில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை உண்டு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். மூன்றாவது, குடும்ப ஓய்வூதியம். மனைவிக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய், அத்துடன் இரண்டு குழந்தைகளுக்கு ஆளுக்கு அதில் கால் பங்கு, 25 வயது வரை. தாயும் இல்லையென்றால் குழந்தைக்கு முக்கால் பங்கு. குறைந்தது 750 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் வருடக்கணக்கில் வரும். மூன்றையும் ஒரே கூட்டுப் படிவத்தில் கேட்கலாம். பலர் முதல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் தெரிந்தவைதான். ஆதாரில் 'முருகேசன்' என்றும் பி.எஃப். கணக்கில் 'முருகேஷ்' என்றும் இருக்கும். வாரிசு நியமனம் கல்யாணத்துக்கு முன் அம்மா பேரில் செய்தது, மாற்றாமலே இருக்கும். பவர்டேபிளில் (கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடம்) பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர் கம்பெனி ரோலிலேயே இருக்க மாட்டார். முதல் இரண்டுக்கும் கம்பெனியிலிருந்து கடிதமும் தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழும் சேர்ந்தால் வழி பிறக்கும். மூன்றாவதற்குச் சம்பளச் சீட்டோ வேறு ஆதாரமோ கையில் இருந்தால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். எதுவும் இல்லையென்றால் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் (விசைத்தறி, தையல், கட்டுமானம் என்று தனித்தனியாக இருக்கின்றன) பதிவு இருந்ததா, அதைப் புதுப்பித்திருந்தாரா என்று பார்க்க வேண்டும். வாரியத்தில் இறப்பு உதவியோடு பிள்ளைகளின் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு.

இ.எஸ்.ஐ. இருந்தால் இறுதிச் சடங்குக்கு 15,000 ரூபாய் கிடைக்கும். வேலையில் ஏற்பட்ட விபத்தாக இருந்தால் சார்ந்தோருக்கு மாதாந்திரத் தொகை வரும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடந்த சாலை விபத்தையும் இதில் சேர்க்க இடமுண்டு. அதனால் முதல் தகவல் அறிக்கையில் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள். மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா காப்பீடு, விபத்து இறப்புக்கு 2 லட்சம். கணக்கு ஆரம்பித்த நாளில் எங்கோ கையெழுத்துப் போட்டதை வீட்டில் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

குழந்தைகளுக்கென்று இரண்டு வழிகள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு, குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் விதவை அல்லது கைவிடப்பட்டவர், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்கிற குழந்தை, பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் போன்ற நிலைகளில் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு திருப்பூர்ச் சம்பளத்துக்கு இடுக்கமானது. முழு ஷிப்ட் வேலைக்குப் போகும் தாய் எளிதில் வெளியே தள்ளப்படுவார். மற்றொன்று தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்', மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் நோய், ஊனம், சிறை போன்ற காரணத்தால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் குழந்தைகளுக்கும் இது. இரண்டையும் பற்றிக் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டை, குழந்தையின் ஆதார், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, வங்கிக் கணக்கு என்று கோப்பைச் சேர்த்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

ஊரிலிருந்து பணம் மட்டும் கொடுப்பதைவிட, இந்தக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம், பி.எஃப். ஆபீஸ் என்று அலையக்கூடிய ஒருவரைக் கொடுப்பது அதிகம் உதவும். கணவனை இழந்த பெண் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். அவர் இழக்கும் ஷிப்ட் பணத்தை, உதவச் சேர்ந்த குழு ஈடுகட்டுவது நல்ல செலவு.

மாதக் கணக்கு

இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? முதலில், எதற்கு வேண்டாம் என்று பார்ப்போம். அரசுப் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி, பஸ் பாஸ் கிடைக்கின்றன. ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடு, அதோடு மதியச் சத்துணவு. பதினொன்றில் சைக்கிள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் (இது 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கியது), மாதம் 1,000 ரூபாய். ஆக நோட்டு, ஸ்கூல் பேக் வாங்கிக் கொடுக்கும் விழாக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதையே மறுபடி கொடுக்கின்றன. இல்லாதவை வேறு: வாடகை, சாயங்காலம் பார்த்துக்கொள்ளும் ஆள், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய்கறியும் முட்டையும், உள்ளாடை, நாப்கின், கண்ணாடி, பல் வைத்தியம், கேஸ் சிலிண்டர்.

ஒரு மாதிரிக் கணக்கு. 25 பேர் மாதம் 300 ரூபாய் என்றால் 7,500. அதில் 3,500 வாடகைக்கு, வீட்டுக்காரருக்கு நேராக. 1,500 அதே வளவில் (லைன் வீட்டு வரிசையில்) இருக்கும் ஒரு பெண்மணிக்கு. நாலரை முதல் ஒன்பது வரை பிள்ளைகளைத் தன் வீட்டில் உட்காரவைத்துக்கொள்ள. 1,500 மளிகைக் கடையில் மாதக் கணக்குக்கு. மீதி 1,000 கைவைக்காமல் சேரட்டும். ஜூன் செலவுக்கும் காய்ச்சல் தலைவலிக்கும் அது உதவும். இந்த நான்கில் மிகக் குறைவாகச் செய்யப்படுவது இரண்டாவது. குழந்தையை வீட்டிலேயே இருக்கவைக்க அதிகம் உதவுவதும் அதுதான். இரவு ஒன்பது மணிவரை தனியே கிடக்கும் குழந்தையைப் பற்றிய பயமே பல தாய்மார்களை ஹோம் வாசலுக்குக் கொண்டுபோகிறது. பார்த்துக்கொள்ளும் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தாய் நேரில் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். குழுவினர் அவருக்காக முடிவு செய்யக் கூடாது.

வீட்டுக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் நேராகக் கொடுப்பதில் ஒரு நியாயம் உண்டு, ஒரு கெடுதலும் உண்டு. கையில் பணம் வந்தால் கடன்காரர் முதலில் எடுத்துக்கொள்வார்; நேராகக் கொடுத்தால் அது நடக்காது. ஆனால் வாடகையை வேறொருவர் கட்டுகிறார் என்பது தெருவுக்குத் தெரிந்துபோகும். அந்தப் பெண்ணைக் கடைக்காரர் பார்க்கும் பார்வையும் மாறும். கடன் நெருக்கடி இல்லாத வீடென்றால் பணத்தை அவர் கணக்கிலேயே போட்டுவிடுவது மேல். குடும்பத்தை நடத்தத் தெரிந்தவர் அவர். செலவுக்கு ரசீது கேட்டு நச்சரிக்கும் குழுக்கள் ஆறு மாதத்தில் அவரைக் கூசச்செய்து விலக வைத்துவிடும்.

மொத்தமாகத் தொகை சேர்ந்துவிட்டால்? மூன்று லட்சத்தைத் தாயின் சேமிப்புக் கணக்கில் போட்டால் அது கரையும்; கேட்டு வருகிற உறவினர்களிடம் இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. தபால் நிலைய மாதாந்திர வருமானத் திட்டத்தில் போட்டால், 7.4 சதவீத வட்டிக் கணக்கில் மாதம் 1,850 ரூபாய் வரும். ஐந்து வருடம் கழித்து அசல் அப்படியே இருக்கும். தனியாள் கணக்குக்கு உச்சவரம்பு 9 லட்சம். செல்வமகள் சேமிப்புக் கணக்கில் மட்டுமே பணத்தைப் போட்டுப் பூட்டிவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் தவறு. பத்து வயதுக்குள் உள்ள பெண் பேரில் அது தொடங்கலாம்தான், ஆனால் அவளுக்குப் பதினெட்டு ஆகும் வரையோ, பத்தாம் வகுப்பு தேறும் வரையோ படிப்புக்குக்கூட எடுக்க முடியாது. அடுத்த மாத வாடகைக்கு அது உதவாது.

பணத்தைச் சேர்ப்பவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு வரவைப்பது. லட்சக்கணக்கில் வரவு வந்தால் அவர் வருமான வரித் துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் தொகை பெறுபவரின் வருமானமாகவே கணக்காகும். முடிந்தால் குடும்பத்தின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். மாதாமாதம் நடத்துவதென்றால் இருவர் கையெழுத்தில் இயங்கும் தனிக் கணக்கு, ஒரு நோட்டு, எல்லோரும் பார்க்கும் வரவு செலவு. இரண்டு மூன்று குடும்பங்களுக்கு மேல் போனால் அறக்கட்டளைப் பத்திரம் பதிவு செய்யலாம், அல்லது ஏற்கெனவே நடக்கும் நம்பகமான அறக்கட்டளை வழியாகப் போகலாம். வரிக் கழிவு வேண்டுவோருக்கு: 80ஜி என்று பேச்சில் சொல்லும் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, அரிசி மூட்டையாகவோ துணியாகவோ கொடுத்தாலும் கிடையாது.

சீட்டுப்போல நடத்தலாம் என்றால் ஒழுங்கில் மட்டும். ஏலம், குலுக்கல், திரும்பப் பெறுதல் எதையும் இதில் கலந்தால் அது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்துக்குள் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு நுணுக்கம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அறக்கட்டளைக்கு அனுப்புவது அயல்நாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் காங்கேயத்தில் பிறந்தவராகவே இருந்தாலும், அது அயல்நாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது.

அப்புச்சி வீட்டில் வளரும் குழந்தை

தாய் தகப்பன் இருவரும் இல்லாத குழந்தைகள் கொங்குப் பகுதியில் பெரும்பாலும் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கோ அப்பாரு (அப்பாவின் அப்பா) வீட்டுக்கோ போகிறார்கள். சட்டமும் இதையே விரும்புகிறது. ஆனால் பாட்டி தாத்தாவுக்குக் காகிதத்தில் உரிமை கிடையாது. மைனர் பேரில் பி.எஃப். பணம் வாங்க, வங்கிக் கணக்கை இயக்க, சாதிச் சான்று எடுக்க ஒவ்வொரு இடத்திலும் 'காப்பாளர் யார்' என்று கேட்பார்கள். சட்டப்படி மாவட்டத்தில் அமைந்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் போய், தகுதியுள்ள நபராக ஏற்று குழந்தையைத் தங்கள் பராமரிப்பில் ஒப்படைக்கும் ஆணை வாங்குவது முதல் படி. சொத்து, பெரிய தொகை இருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் தேவைப்படும். வக்கீல் செலவை ஊர் ஏற்றுக்கொண்டால், அது பல வருடப் பிறந்தநாள் சாப்பாட்டைவிடப் பயன்படும்.

சொத்து இருக்கும் இடத்தில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். அரை ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தால்கூட, குழந்தையை வளர்க்கப் போட்டி போடுகிறவர்கள் எதற்காகப் போட்டி போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

குழந்தை இல்லாத தம்பதிக்குக் 'கொடுத்துவிடுவது' எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. தத்து என்பது சட்டம் சொல்லும் முறைப்படிதான்; இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் மத்தியத் தத்துவள ஆணையத்தின் வழி. முறையை மீறிக் குழந்தையைக் கைமாற்றினால் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். நடுவில் நின்று நல்லது செய்ததாக நினைக்கும் ஊர்ப் பெரியவரும் இதில் மாட்டுவார்.

இல்லத்துக்குக் கொடுப்பது

வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாத குழந்தைகள் உண்டு. வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளானவர்கள், யாரும் தேடி வராதவர்கள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படுகிறவர்கள். அவர்களுக்கு நல்ல இல்லம் அவசியம். எந்த இல்லம் நல்லது என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய செய்தியில் தொடங்கிய வழக்கில்தான், எல்லா இல்லங்களையும் 2017 முடிவதற்குள் பதிவு செய்து முடிக்கும்படி உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் உத்தரவிட்டது. பதிவு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் நடக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். எனவே முதல் கேள்வி: பதிவு எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும்? அறக்கட்டளைப் பதிவையோ 80ஜி சான்றையோ நீட்டினால் அது இதற்குப் பதிலாகாது. பள்ளி விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் உரிமம் இருக்க வேண்டும். சில இடங்கள் அதிகாரியிடம் விடுதி என்றும் நன்கொடையாளரிடம் அனாதை இல்லம் என்றும் சொல்லிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அடுத்து, இங்கிருக்கும் குழந்தைகள் எல்லோரும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு வந்தவர்களா என்று கேளுங்கள். நேராகப் பெற்றோரிடம் வாங்கிச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னால் அது தவறான இடம். வருடத்தில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்றும் கேளுங்கள். நன்றாக நடக்கும் இல்லத்துக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். இல்லத்தின் எண்ணிக்கை குறைந்தால் நன்கொடை குறையும் என்று பயப்படுகிறவர்கள் பேச்சை மாற்றுவார்கள். சந்தேகம் வந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் விசாரிக்கலாம், அல்லது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

கொடுப்பவர்கள் விரும்புவது சாப்பாடு. அதுவே மிக அதிகமாகவும் போகிறது. தீபாவளி, பொங்கல், ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள் ஒட்டி ஒரே நாளில் இரண்டு பிரியாணி வரும்; செவ்வாய்க்கிழமை எதுவும் இராது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதைக் கொண்டுவந்து இறக்குவது ஆபத்து. சமைத்த சோறு, குழம்பு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும். மதியம் இறக்கிய சாம்பாரை மூடி வைத்து நாலு மணிக்கு வேனில் ஏற்றினால் இரவு அங்கே வாந்தி பேதி. நாற்பது குழந்தைகளுக்கு இரண்டு கழிப்பறை இருக்கும் இடத்தில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பாடுதான் போட வேண்டுமென்றால், அங்கேயே சமைக்கத் துவரம்பருப்பு, கடலை எண்ணெய், முட்டை, காய்கறிக்குப் பணம் என்று இல்லத்தின் வாராந்திரப் பட்டியலைக் கேட்டுக் கொடுங்கள். நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணைக்காரர்கள் வாரம் இத்தனை அட்டை முட்டை என்று முறைவைத்துக்கொண்டால் போதும், சமையலறையின் கணக்கே மாறும்.

யாரும் கொடுக்க முன்வராத செலவுகள்தான் இல்லத்தை நடத்துகின்றன. இரவுக் காவலாளி சம்பளம், மின்கட்டணம், மனநல ஆலோசகருக்கு வாரம் ஒரு நாள் கட்டணம், பேன் மருந்து, சொறி வந்தால் ஒரே நாளில் எல்லோருடைய மெத்தை விரிப்பையும் துவைக்க ஒரு பெரிய வாஷிங் மெஷின். உள்ளாடை அளவு பார்த்துப் புதிதாக வேண்டும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சமாக மூட்டை மூட்டையாக டி-சர்ட் வந்து குவியும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும் உள்ளாடை வராது. பழைய துணி கொடுப்பதாக இருந்தால் துவைத்து, பட்டன் பார்த்து, வயதுவாரியாகக் கட்டி அனுப்புங்கள். பிரித்துப் போடுவதே அங்குள்ள ஊழியருக்கு இரண்டு நாள் வேலை.

பிறந்தநாள் கேக் வெட்டப் போகிறவர்களுக்கு. குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டுப் பாடவைக்காதீர்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. முகத்தில் ஸ்மைலி ஒட்டினாலும் இல்லத்தின் பேர்ப் பலகை பின்னால் தெரியும். "அப்பா என்ன பண்றாரு?" என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு வேண்டாம். அடுத்த வாரம் வருகிறேன் என்று வராமல் இருப்பதைவிட எதுவும் சொல்லாமல் கிளம்புவது நல்லது. தொடர்ந்து போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்க விரும்பினால், இல்லம் உங்களிடம் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்க வேண்டும். கேட்காமலே உள்ளே விடும் இல்லத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

வடமாநிலத் தொழிலாளர் குழந்தைகள் விஷயத்தில் நம் வலைப்பின்னல் அப்படியே அறுந்துபோகிறது. பெருந்துறையிலோ பல்லடத்திலோ ஒடிசாக்காரர் இறந்தால் மொய் நோட்டில் எழுத அவருக்குப் பங்காளி இல்லை, ரேஷன் அட்டை இங்கே இல்லை, குழந்தைக்குத் தமிழ் பாதிதான் தெரியும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உரிமைகள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. இந்தி தெரிந்த ஒருவர் அந்த மனைவியோடு பி.எஃப். ஆபீசுக்கு வருவது, ஊர் திரும்புவதானால் குழந்தையின் டி.சி.யை வாங்கிக் கொடுப்பது, இங்கேயே இருப்பதானால் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது என்று மூன்று வேலைகள்.

பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி சட்டத்தில் இருக்கிறது. மாதம் 4,000 ரூபாய் அளவுக்குத் திட்டமும் இருக்கிறது. ஆனால் பதினெட்டாம் பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே கோப்பை ஆரம்பித்தால்தான் இடைவெளி விழாது. தொழில் நடத்துகிறவர்கள் உதவக்கூடிய இடம் இது: ஐ.டி.ஐ. சேரும் பையனுக்கு லேத் பட்டறையில் பயிற்சி இடம், வாடகைக்கு அறை எடுக்க முன்பணமும் ஒரு ஜாமீன் கையெழுத்தும். குடும்பம் இல்லாத இருபது வயதுப் பையனுக்கு யாரும் வீடு கொடுப்பதில்லை. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வீட்டுக்காரரிடம் "நம்ம பையன்தானுங்க" என்று சொன்னால் அந்தக் கதவு திறக்கும்.

மாதக் கொடையை நிறுத்த வேண்டிய நாளும் வரும். 25 பேரில் எட்டுப் பேர் ஆறாம் மாதமே தவறுவார்கள் என்று வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே மூன்று மாதத் தொகையைக் கையிருப்பாகச் சேர்த்த பிறகு முதல் தவணையைக் கொடுங்கள். எத்தனை வருடம் என்பதை முதல் நாளே தாயிடம் சொல்லிவிடுங்கள். அவர் சம்பளம் உயர்ந்தோ, மூத்த பெண் கல்லூரி முடித்தோ உதவி தேவைப்படாமல் போனால், ஒரேயடியாக நிறுத்தாமல் வாடகைப் பாகத்தை முதலிலும் மளிகைப் பாகத்தைக் கடைசியிலும் விடுங்கள். ஜூன் மாதத்திலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும் எதையும் நிறுத்த வேண்டாம்.